பச்சையை நம்பாத கண்

ட்ரோனின் வயிற்றில் தொங்கும் அந்தக் கேமரா ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்கு ஐந்து கண்கள். ஒன்று நீலத்தை மட்டும் பார்க்கும், ஒன்று பச்சையை, ஒன்று சிவப்பை. நான்காவது கண்ணுக்குச் சிவப்பு முடிகிற விளிம்பு. ஐந்தாவது கண் பார்ப்பது மனிதக் கண்ணுக்கு எட்டாத ஒளியை. சிவப்புக்கும் அப்பால் இருக்கும் அண்மை அகச்சிவப்பை. ஐரோப்பாவின் சுண்ணாம்புக்கல் மேடுகளிலும் பழைய பூம்புல்வெளிகளிலும் இப்போது இந்தக் கேமராவைச் சுமந்து ட்ரோன்கள் பறக்கின்றன. இந்த இடத்தில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுமா, காட்டுத்தேனீக்கு வசந்தம் முதல் கோடை முடிய பூ கிடைக்குமா, மண்ணில் வளை தோண்ட வெற்றுத் தரை உண்டா என்று கணக்கெடுப்பது அவற்றின் வேலை.

ட்ரோன் புதிது. ஐந்தாவது கண் பழையது. பட்டாம்பூச்சியிடம் வந்து சேருவதற்கு முன் அது போர்க்களத்தில் வேலை பார்த்தது, கோதுமை வயலில் வேலை பார்த்தது, கேரளத்துத் தென்னந்தோப்பின் மேல் பறந்தது, விண்வெளிக்கும் போய்வந்தது. போன இடத்திலெல்லாம் அதற்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பூச்சிகளிடம் வந்தபோது அந்தப் பழக்கங்களில் ஒன்றை விட வேண்டியிருந்தது. அந்தக் கதைதான் இது.

1800-ல் இங்கிலாந்தின் ஸ்லவ் ஊரில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஆதியில் இசைக் கலைஞர். தானே கட்டிய தொலைநோக்கியால் 1781-ல் யுரேனஸைக் கண்டவர். ஊதாவிலிருந்து சிவப்பு நோக்கிப் போகப் போக வெப்பம் ஏறியது. சிவப்பைத் தாண்டி, ஒளியே விழாத இடத்தில் வைத்த வெப்பமானி எல்லாவற்றையும்விட அதிகம் காட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று இருக்கிறது என்று உலகம் அறிந்தது அப்படித்தான்.

அந்த ஒளியில் உலகம் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-ல் வெளியிட்ட படங்களில் வானம் கறுத்துக் கிடந்தது; மரங்களோ பனி விழுந்தாற்போல வெள்ளை வெளேர் என்று நின்றன. காரணம் இலைக்குள் இருக்கிறது. பச்சையம் தன் சமையலுக்குச் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிக்கொள்கிறது. அண்மை அகச்சிவப்பால் அதற்குப் பயனில்லை. இலையின் உட்புறத்தில் காற்றிடைவெளிகளோடு இருக்கும் பஞ்சுத் திசு அந்த ஒளியைச் சிதறடித்து, ஏறக்குறைய பாதியை வெளியே திருப்பி அனுப்பிவிடுகிறது. நமக்குப் பச்சையாகத் தெரியும் இலை, உண்மையில் பச்சையைவிடப் பல மடங்கு அகச்சிவப்பை வீசிக்கொண்டிருக்கிறது. இலை வாடினால், நோய் கண்டால், உள்ளமைப்பு குலைந்தால், இந்த வீச்சு மாறும்.

வானத்தில் ஏறும் ஆசை தனியாக வளர்ந்தது. 1858-ல் பாரிஸ் புகைப்படக்காரர் நாதார் பலூனில் ஏறிப் படம் எடுத்தார். 1888-ல் ஆர்தர் பத்யூ பட்டத்தில் கேமராவைக் கட்டினார். எனக்கு இவர்களுக்குள் மிகவும் பிடித்தவர் ஜெர்மனியின் க்ரோன்பெர்க் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த யூலியஸ் நொய்ப்ரோனர். புறாக்கள் மூலம் மருந்து அனுப்பிக்கொண்டிருந்தவர். ஒரு புறா மூடுபனியில் வழி தப்பி, சில வாரம் கழித்துக் கொழுகொழுவென்று திரும்பி வந்தது. இத்தனை நாள் எங்கே தின்றுகொண்டிருந்தாய் என்று கேட்டறிய வழியில்லாததால், புறாவின் மார்பில் தானாகப் படமெடுக்கும் சின்னஞ்சிறு கேமராவைக் கட்ட முனைந்தார். நடக்காத காரியம் என்று காப்புரிமை அலுவலகம் முதலில் மறுத்தது. புறா எடுத்த படங்களைச் சான்றோடு காட்டி 1908-ல் உரிமம் வாங்கினார். ஒரு பறவை எங்கே மேய்ந்தது என்று தெரிந்துகொள்ளக் கேமராவைப் பறக்கவிட்ட அந்த மருந்துக்கடைக்காரரை, இன்றைய சூழலியல் ட்ரோன்காரர்களின் பாட்டன் என்று சொன்னால் தவறில்லை.

அகச்சிவப்பும் ஆகாயமும் கைகோத்தது இரண்டாம் உலகப் போரில். பீரங்கியையும் லாரியையும் பச்சை வலை போட்டும் பச்சைச் சாயம் பூசியும் காட்டுக்குள் மறைத்தார்கள். மேலே பறக்கும் விமானியின் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. இதற்கு மாற்றாகக் கோடாக் நிறுவனம் ஒரு வண்ண ஃபிலிம் செய்தது. அதில் அகச்சிவப்பு சிவப்பாகப் பதியும், சிவப்பு பச்சையாக, பச்சை நீலமாக. உயிருள்ள தழை படத்தில் ரத்தச் சிவப்பாக எரியும். சாயம் பூசிய பச்சை நீலம் பாரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டிப் பரப்பிய கிளை வாட வாட அந்தச் சிவப்பும் மங்கும். ஐந்தாவது கண்ணுக்குக் கிடைத்த முதல் பாடம், பச்சையாக இருப்பதையெல்லாம் நம்பாதே என்பது. பிறவிக் குணமே சந்தேகம்.

போர் முடிந்ததும் கண் வயலுக்கு வந்தது. போர்க்காலத்தில் வான்படங்களைப் படித்துப் பழகிய ராபர்ட் கோல்வெல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1956-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கோதுமையில் துரு நோய், ஓட்ஸில் மஞ்சள் குட்டை நோய் ஆகியவை எங்கே எந்த அளவுக்குப் பரவியிருக்கின்றன என்பதை அகச்சிவப்பு வான்படத்திலிருந்து பிரித்துக் காட்ட முடியும் என்றார். எதிரியின் பீரங்கியைத் தேடிய அதே முறைதான்.

பதினைந்து ஆண்டுக்குள் அது நம் பக்கத்துக்கும் வந்தது. 1970 வாக்கில், இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று சொல்லப்படும் பிஷாரோட்டி, கேரளத்தின் காயங்குளம் பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ண ஃபிலிமில் தென்னந்தோப்புகளைப் படம் எடுக்கவைத்தார். தேடியது தென்னையின் வேர் வாடல் நோயை. பொள்ளாச்சி, தேனி, தென்காசிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் கேரள வாடல் நோய் என்று இன்றைக்கும் கலக்கத்தோடு சொல்கிறார்களே, அதே நோய். நலமான மரத்தின் மட்டை ஒரு நிறத்திலும் நோய் பற்றிய மரத்தின் மட்டை வேறு நிறத்திலும் படத்தில் விழுந்தன. இந்தியாவின் தொலையுணர்வு வரலாறு ஒரு தென்னை மரத்தின் உச்சியிலிருந்து தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1988-ல் விண்ணுக்குப் போன ஐஆர்எஸ் 1ஏ செயற்கைக்கோளுக்கு இந்தத் தோப்புதான் ஒத்திகை மேடை.

அதற்கு வெகு முன்பே, 1972 ஜூலை 23 அன்று, அமெரிக்காவின் லேண்ட்சாட் 1 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதில் இரண்டு கருவிகள். நாசா பெரிதாக நம்பியது வீடியோ கேமராக்களை. ஹ்யூஸ் நிறுவனத்துப் பொறியாளர் வர்ஜீனியா நார்வுட் வடிவமைத்த பல்நிறமாலை வருடியை ஓரமாகத்தான் ஏற்றியிருந்தார்கள். வீடியோ கேமரா சீக்கிரமே பழுதாகி ஓய்ந்தது. ஓரமாக ஏறியதுதான் உலகத்துக்குப் படம் அனுப்பியது.

படங்கள் குவிந்தபோது அவற்றை ஒரே எண்ணாகச் சுருக்க ஒரு வழி தேவைப்பட்டது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் ரவுஸும் அவருடைய சகாக்களும் அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் மேய்ச்சல் நிலங்களை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன வழி எளிது: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழி. இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. அவ்வளவுதான். செழித்த தழை சிவப்பில் நூற்றுக்கு ஐந்தும் அகச்சிவப்பில் ஐம்பதும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால் விடை 0.82. சிவப்பில் இருபத்தைந்து, அகச்சிவப்பில் முப்பது என்று அனுப்பும் வறண்ட மண்ணுக்கு 0.09. என்டிவிஐ என்ற பெயரில் இந்தக் குறியீடு உலகமெங்கும் பரவியது. வறட்சி, விளைச்சல், காட்டழிவு, பாலைவனமாதல் என்று எதைக் கேட்டாலும் அதில் விடை வந்தது. பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலைப் போல எண் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று எல்லாரும் வாசிக்கப் பழகிவிட்டார்கள். பச்சையைச் சந்தேகிக்கப் பிறந்த கண், ஐம்பது ஆண்டு உழவர்களோடும் வனத்துறையோடும் பழகி, பச்சையைக் கும்பிடக் கற்றுக்கொண்டது.

இந்தப் பழக்கத்தோடு ஒரு பூம்புல்வெளிக்குப் போனால் என்ன ஆகும்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களுக்கும் 1980-களுக்கும் இடையே தாழ்நிலப் பூம்புல்வெளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு போய்விட்டது. அவற்றின் மேல் கட்டடம் வந்தது குறைவு. பெரும்பாலான இடம் இன்றும் புல்வெளியாகத்தான் இருக்கிறது. உழுது, ரை புல் விதைத்து, தழைச்சத்து உரம் போட்டு, ஆண்டுக்குப் பலமுறை அறுக்கிறார்கள். உரம் குடித்த புல் மற்ற செடிகளை அமுக்கிவிட்டு முழங்கால் உயரம் எழுகிறது. ரயிலில் போகிறவர்கள் இங்கிலாந்தின் பசுமை என்று வியந்து பார்ப்பது அநேகமாக இந்த வயல்களைத்தான். காற்றில் மகரந்தம் தூவும் புல்லிடம் தேன் கிடையாது. தேனீயைப் பொறுத்தவரை அது வெறும் பச்சைத் தரிசு.

பழைய புல்வெளி பார்வைக்குச் சாதாரணம். மண்ணில் சத்துக் குறைவு. புல் நெருக்கமில்லாமல் நிற்கும். இடையிடையே சுண்ணாம்புக் கல் பல்லைக் காட்டும். ஜூலையில் பாதி காய்ந்து பழுப்பேறியிருக்கும். மஞ்சள் கிலுகிலுப்பை, அதாவது எல்லோ ராட்டில், என்று ஒரு செடி உண்டு. அது புல்லின் வேரில் தன் வேரைப் பொருத்திச் சாற்றை உறிஞ்சிப் புல்லை மெலியவைக்கும். அந்த ஒட்டுண்ணியைத்தான் பூம்புல்வெளியை மீட்க நினைப்பவர்கள் முதலில் விதைக்கிறார்கள். புல் மெலிந்தால்தான் மற்றவற்றுக்கு இடம். இப்படிப்பட்ட நிலத்துக்கு என்டிவிஐ கொடுக்கும் எண் அடுத்த வரப்பில் உரம் தின்று நிற்கும் ரை புல்லுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. அதாவது, பூச்சிக்குச் சோறு போடும் நிலம் தேர்வில் தோற்கிறது. பட்டினி போடும் நிலம் முதல் வகுப்பில் தேறுகிறது.

இது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதை ட்ரோனுக்கு வெகுகாலம் முன்பே ஒரு பட்டாம்பூச்சி பிரிட்டிஷாருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பெரிய நீலன் என்று அழைக்கலாம், லார்ஜ் ப்ளூ. அதன் பிழைப்பு விசித்திரமானது. காட்டுத் தைம் செடியின் மொட்டில் முட்டை. புழு மூன்று வாரம்போலப் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழுந்து காத்துக் கிடக்கும். மிர்மிகா சபுலெட்டி என்ற சிவப்பெறும்பு அதைத் தன் குஞ்சு என்று ஏமாந்து புற்றுக்குள் தூக்கிப்போகும். உள்ளே போன விருந்தாளி பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளைத் தின்று கொழுத்து, அடுத்த கோடையில் நீலச் சிறகோடு வெளியே வரும்.

இருபதாம் நூற்றாண்டில் இது மறைந்துகொண்டே வந்தது. பூச்சி சேகரிப்பவர்கள்மேல் பழி விழுந்தது. கார்ன்வாலில் ஓரிடத்தில் வேலி போட்டுக் காத்தார்கள். சேகரிப்பவர்களோடு சேர்த்து மாடும் ஆடும் வெளியே நின்றன, புல் வளர்ந்தது, பட்டாம்பூச்சி அங்கிருந்தும் போனது. 1950-களில் முயல்களுக்கு மிக்சோமட்டோசிஸ் நோய் வந்து அவை கொத்துக்கொத்தாகச் செத்தபின் கடிப்பாரில்லாமல் மேடுகளெல்லாம் புல் மண்டியது. தைம் இருந்தது, எறும்பும் இருந்தது, நீலன் மட்டும் இல்லை. 1970-களில் டார்ட்மூரில் எஞ்சிய கடைசிக் கூட்டத்தோடு தரையில் கிடந்து ஆராய்ந்த ஜெரமி தாமஸ் முடிச்சை அவிழ்த்தார். இருந்தது வேறு எறும்பு. சபுலெட்டிக்குச் சூடான மண் வேண்டும். புல் மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் வெயில் தரையைத் தொடும். அதற்கு மேல் சற்றே வளர்ந்தாலும் மண்ணின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், சபுலெட்டி காலிசெய்யும், அதன் இடத்துக்கு அதே சாயலில் இன்னொரு மிர்மிகா வரும். அதன் புற்றில் புழு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

விடை கிடைத்தபோது நேரம் கடந்திருந்தது. 1979-ல் பிரிட்டனில் பெரிய நீலன் அற்றுப்போனது. 1983-ல் ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மேய்ச்சலைத் திருப்பிக் கொண்டுவந்து புல்லைக் கட்டையாக வைத்தார்கள். பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டது. க்ளஸ்டர்ஷரில் உள்ள ராட்பரோ மேய்ச்சல் மேட்டில் 2019 ஆகஸ்டில் ஏறக்குறைய 1,100 புழுக்களை விட்டார்கள்; மறு ஆண்டு கோடையில் சுமார் 750 பட்டாம்பூச்சிகள் பறந்தன. அந்த மேட்டில் நூற்றைம்பது ஆண்டுகளாக அது காணப்படவில்லை.

ஒரு நாட்டில் ஓர் உயிரினம் இருப்பதும் இல்லாததும் இரண்டு சென்டிமீட்டர் புல்லில் தொங்கியிருக்கிறது. லேண்ட்சாட் 1 படத்தில் ஒரு பிக்ஸல் என்பது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். 2015-ல் பறக்கத் தொடங்கிய ஐரோப்பாவின் சென்டினல் 2 அதை நூறு சதுர மீட்டருக்குக் கொண்டுவந்தது. நம் கணக்கில் இரண்டரை சென்ட். வீட்டு மனைக்குப் போதாத அந்த இடத்துக்குள் தைம், கல், எறும்புப் புற்று, முள் புதர் எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். கண் கீழே இறங்கியாக வேண்டும்.

இறங்க உதவிய ட்ரோனுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பூச்சிப் பக்கம் நிற்பவர்களுக்கு அது அவ்வளவு ரசிக்காது. விவசாயத்துக்கென்று முதலில் வெற்றிகரமாக விற்பனைக்கு வந்த ஆளில்லா ஹெலிகாப்டர்களில் ஒன்று ஜப்பானின் யமஹா நிறுவனம் 1987-ல் கொண்டுவந்த ஆர் 50. அது செய்யப்பட்டது நெல் வயலில் மருந்தடிக்க. இன்றைக்கும் உலகின் வயல்களுக்கு மேல் பறக்கும் பெரிய ட்ரோன்களின் முக்கிய வேலை அதுதான். நம் ஊரிலும் அப்படியே. பூச்சியைக் கொல்லப் பறக்கும் இயந்திரமும் காக்கப் பறக்கும் இயந்திரமும் ஒரே குடும்பம்.

கைப்பேசிகளுக்காகக் கோடிக்கணக்கில் தயாரான சின்னச் சின்ன உணரிகளும் ஜிபிஎஸ்ஸும் லித்தியம் பேட்டரியும் மலிவானதும் சிறிய ட்ரோன்கள் எல்லார் கைக்கும் வந்தன. 2012-ல் லியான் பின் கோவும் செர்ஜ் விச்சும் சுமத்ராவில் இரண்டாயிரம் டாலருக்குள் கட்டிய ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டு, காட்டழிவையும் ஒராங்குட்டான் கூடுகளையும் படம் எடுத்தார்கள். சூழலியலாளர்கள் நிமிர்ந்து பார்த்தது அப்போது. ஆனால் ஒராங்குட்டான் கூடு பெரிய பொருள். பூச்சிக்காரர்கள் தயங்கினார்கள். வானத்திலிருந்து பட்டாம்பூச்சியைப் பார்க்க முடியாதே.

பட்டாம்பூச்சியைப் பார்க்க வேண்டியதில்லை, அதன் தொட்டிலைப் பார்த்தால் போதும் என்று 2016-ல் யான் கிறிஸ்டியான் ஹாபெலும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். இரண்டு நீலன்கள்: அடோனிஸ் ப்ளூ, சாக்ஹில் ப்ளூ. இரண்டின் புழுவும் உண்பது ஹிப்போக்ரெபிஸ் என்ற ஒரே மஞ்சள் பூச் செடியை. செடி ஒன்றுதான், ஆனால் வெயில் தகிக்கும் கட்டைப் புல்லில் நிற்கும் செடியைத்தான் அடோனிஸ் கேட்கும். அதன் அக்காள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முட்டையும் புழுவும் இருந்த இடங்களைத் தரையில் குறித்துக்கொண்டு, அந்த இடங்கள் ட்ரோன் படத்தில் எப்படித் தெரிகின்றன என்று பார்த்து, அதே சாயல் மேட்டில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று வரைபடம் போடுவது அவர்கள் வழி. நிலம் முழுதும் மண்டியிட்டுத் தேடினால் ஒரு கோடை போதாது.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். பறப்பதற்கு முன் ஒரு சாம்பல் நிறப் பலகையைத் தரையில் வைத்துக் கேமராவுக்குக் காட்டுவார்கள். எத்தனை பங்கு ஒளியைத் திருப்பும் என்று தெரிந்த பலகை அது. அதை வைத்துத்தான் இன்றைய வெயிலில் எடுத்த எண்ணையும் அடுத்த மாத வெயிலில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும். இதைத் தவிர்த்தவர்களின் படம் கண்ணுக்கு அழகாக இருக்கும், கணக்குக்கு உதவாது. உச்சி வெயில் நேரம், காற்று அடங்கிய நாள். வானத்தில் மேகம் துண்டு துண்டாக ஓடினால் அன்றைக்கு வேலை கிடையாது. ஒரே புல் ஒரு படத்தில் நிழலிலும் அடுத்ததில் வெயிலிலும் விழும். முப்பது மீட்டர் உயரத்தில் இந்த ஐங்கண் கேமராவின் ஒரு பிக்ஸல் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். ஏர் உழுவது மாதிரி போய்த் திரும்பி, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு எண்பது விழுக்காடு ஒன்றின்மேல் ஒன்று விழும்படி எடுக்கிறார்கள். ஒரே புல் நுனியைப் பல கோணத்தில் பார்த்த படங்கள் சேரும்போது கணினி அதன் உயரத்தையும் கணித்துவிடுகிறது.

இந்த உயரக் கணக்கில் கொஞ்சம் நிதானம் வேண்டும். புல் மூன்று சென்டிமீட்டரா ஐந்தா என்று கேட்டால் தடுமாறும். மூன்றா முப்பதா என்றால் சொல்லிவிடும். எறும்புக்கு வேண்டிய விடை முதல் கேள்வியில் இருக்கிறது. ஆகவே ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, அளவுகோல் பிடித்து, செடிகளைப் பெயர் சொல்லி எண்ணும் ஆளின் வேலை போகவில்லை. ட்ரோன் அவருக்கு எங்கே மண்டியிட வேண்டும் என்று சொல்கிறது. முள் புதர் எத்தனை மீட்டர் முன்னேறியிருக்கிறது, மாடு எந்த மூலையை மேயாமல் விட்டது, வெற்று மண் எங்கெங்கே என்பதையெல்லாம் அது மனிதனைவிட நன்றாகச் சொல்லும். உலகின் தேனீ இனங்களில் பெரும்பான்மை கூட்டில் வாழ்வதில்லை. மண்ணில் தனியாக வளை தோண்டிக் குடியிருப்பவை. அவற்றுக்கு அந்த வெற்று மண்தான் வீட்டு மனை.

ஐந்தாவது கண் தன் பழக்கத்தை விட வேண்டியது இங்கேதான். பூச்சிக்காரர்கள் கணினியில் என்டிவிஐயைத் தூக்கிப் போடவில்லை, தலைகீழாக வாசிக்கிறார்கள். மேட்டின் ஒரு பகுதியில் எண் எங்கும் ஒரே உயரத்தில் நின்றால் உரக் கசிவோ, புல்லின் ஆதிக்கமோ என்று ஐயப்படுகிறார்கள். எண் ஏறி இறங்கி, மண்ணும் தழையும் காய்ந்த தண்டும் அடுத்தடுத்து வந்தால் அங்கே ஆள் அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு எண் கூடிக்கொண்டே போனால் மகிழ்வதில்லை. மேய்ச்சல் குறைந்துவிட்டது என்று மாட்டுக்காரரிடம் பேசப் போகிறார்கள். போர்க்காலத்துச் சந்தேகம் திரும்ப வந்திருக்கிறது.

பூவை நேராக எண்ணும் முயற்சிகளும் நடக்கின்றன. 2023-ல் மிக்கேலே டொரெசானியும் உடன் ஆய்வாளர்களும் நெதர்லாந்துப் புல்வெளிகளில் சாதாரண வண்ணக் கேமரா எடுத்த ட்ரோன் படங்களிலிருந்து பூப்பரப்பைப் பிரித்தெடுத்து, தரையில் எண்ணிய தேனீக்களோடு ஒப்பிட்டார்கள். பூப்பரப்பு தேனீக்களின் இருப்புக்கு ஒரு நல்ல குறியாக வேலை செய்தது. இதற்கு எல்லை உண்டு. தழைக்கு அடியில் மறைந்த பூ வானத்துக்குத் தெரியாது. வெள்ளைப் பூ வெயிலில் வெளிறி மொத்தமாக ஒரு திட்டாகிவிடும். இன்றைக்குப் பூத்ததை இன்று எடுத்தால், சென்ற மாதம் பூத்து ஓய்ந்தது கணக்கில் வராது. பம்பிள்பீ ராணிக்குப் பசிக்கும் மார்ச்சில் ஒருமுறையாவது பறக்காமல் கோடையின் உச்சத்தில் மட்டும் பறந்து கொடுக்கும் அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. கார்ல் வான் ஃபிரிஷ் 1914-ல் வண்ண அட்டைகளில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்கு நிறம் தெரியும் என்று நிறுவினார். சிவப்பை மட்டும் அது கருஞ்சாம்பலிலிருந்து பிரித்தறியவில்லை. அதன் பார்வை நம்முடையதைவிடப் புறஊதாப் பக்கம் தள்ளியது. நம் ஐந்தாவது கண் நேர் எதிர்த் திசையில், சிவப்புக்கும் அப்பால் பார்க்கிறது. தேனீக்குப் பூவாகத் தெரிவது இந்தக் கண்ணுக்கு வேறொன்று. ஆக, ட்ரோன் தருவது பூச்சியின் பார்வையை இல்லை. நிலத்தைப் பற்றிய ஓர் அந்நியனின் குறிப்பை. 1976-ல் எர்னி பொல்லார்டின் முறைப்படி பிரிட்டனில் தொடங்கி, ஒரே பாதையில் வாராவாரம் நடந்து இருபுறமும் சேர்த்து ஐந்து மீட்டருக்குள் தெரிகிற பட்டாம்பூச்சிகளை எண்ணும் தன்னார்வலர்களின் குறிப்பேடு இல்லாவிட்டால், அந்த அந்நியனின் குறிப்பைச் சரிபார்க்க வழியே கிடையாது.

இவ்வளவு நுட்பம் பேசுவதற்கு இப்போது பணக் காரணமும் சேர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல், பெரும்பாலான பெரிய கட்டுமானங்கள் அந்த நிலத்தில் முன்பு இருந்ததைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக உயிர்ப்பன்மையை உண்டாக்கி முப்பது ஆண்டு பராமரிக்க வேண்டும் என்று சட்டம். வாழிடத்தின் நிலை மோசமா, நடுத்தரமா, நன்றா என்ற மதிப்பீட்டில் காசு கைமாறுகிறது. முப்பது ஆண்டும் செடியறிந்த ஆளை அனுப்பிக்கொண்டிருப்பதைவிட ட்ரோனை அனுப்புவது மலிவு என்று கணக்குப் போடுபவர்கள் வரத்தான் செய்வார்கள். வரட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் பச்சையின் அளவு மட்டும் ஏறிவிட்டால், ரை புல் வயலுக்கு நன்று என்று சான்றிதழ் கிடைக்கும்; யாரும் பொய் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

இது இங்கிலாந்தின் கதை மட்டும்தானா என்றால், பழனி மலையைப் பார்க்கலாம். அரசுமணியும் சக ஆய்வாளர்களும் நாற்பது ஆண்டுக்கால செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது தெரிந்தது. எடுத்துக்கொண்டது பெரும்பாலும் சீகை, தைலம், பைன் தோட்டங்களும் விவசாயமும். ஆண்டு முழுக்க இலை உதிராத சீகை, வெயிலில் காயும் புல்லைவிடப் பச்சை. பச்சை கூடியதா என்று மட்டும் கேட்டால், பழனி மலை செழித்துவிட்டது என்றே எண் சொல்லும். அந்தப் புல்வெளிகளில்தான் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. அடுக்குத் தேனீக்கள் கூட்டம் கூட்டமாக அதை நாடி வருகின்றன.

2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030-ல். அதற்குள் எஞ்சியிருக்கும் புல்வெளி ஒவ்வொன்றின் மேலும், சீகை எங்கே நுழைந்திருக்கிறது, குறிஞ்சிப் புதர் எங்கே நிற்கிறது என்று ஒரு ட்ரோன் வரைபடமாவது தயாராக வேண்டும். தரையில் சட்டம் போட்டு எண்ணும் மாணவர்களையும் கூடவே அனுப்ப வேண்டும். வனத்துறையும் பல்கலைக்கழகங்களும் செய்யக்கூடிய வேலைதான் இது. மரக்கன்று நடும் அமைப்புகளிடமும் ஒரு வேண்டுகோள்: மலையிலோ ஊர்ப் புறம்போக்கிலோ வெறுமையாகக் கிடக்கிறது என்று ஒரு புல்வெளியில் குழி தோண்டுவதற்கு முன், மழைக்குப் பிந்தைய பூக்காலத்தில் ஒருமுறை அதன் நடுவே நடந்து, அங்கே என்னென்ன பறக்கின்றன என்று எண்ணிவிட்டு வாருங்கள்.